இது காய்ச்சலின் எத்தனையாவது நாள்?
வாசகர் கேள்வி – பதில்

மழை தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் காய்ச்சல், செங்கமாரி, அம்மை, நாய்க்கடி பற்றியவையே அதிகம். இவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஒவ்வொரு வைரஸும் உடம்புக்குள் ஒரு நாள் கணக்கு வைத்துத்தான் வேலை செய்கிறது. அந்தக் கணக்கு தெரிந்தால் எந்த நாளில் பயப்பட வேண்டும், எந்த நாளில் பயம் வேண்டாம் என்பது தெரியும். பதில்களில் நாள்களை இவ்வளவு வற்புறுத்தி எழுதியிருப்பது அதனால்தான்.

மகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வந்த இடத்தில் கடும் காய்ச்சல். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. வயிறு வலிக்கிறது என்கிறான். நம் பக்கம் குளிர், டெங்கு வராது என்கிறார்கள். காய்ச்சல்தான் விட்டதே, வேலைக்கு அனுப்பலாமா?
— ஒரு தாய், பொகவந்தலாவை

இந்தக் கடிதம் எங்கள் கைக்கு வருவதற்குள் உங்கள் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பீர்கள் என்று நம்புகிறோம். இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரம் இல்லை. அது விடும் நேரம். நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சலின் மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசியத் தொடங்கும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை இருக்கும். அந்நேரம் நாடி தளரும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும். பார்ப்பவருக்கோ ‘காய்ச்சல் விட்டுவிட்டது, களைப்புதான்’ என்று தோன்றும்.

காய்ச்சல் விட்ட பிறகு ஓயாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குளிர்ந்த கை கால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, முரசில் இரத்தம், கறுப்பாக மலம், தலைசுற்றி விழுதல், வழக்கத்துக்கு மாறான மயக்கமோ பதற்றமோ, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தோட்ட லொறி கிடைக்காவிட்டால் 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அதற்கு முந்திய நாள்களில் செய்ய வேண்டியது என்ன? மூன்றாம் நாளே முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரத்தத்தட்டுகள் இறங்கிக்கொண்டே வந்தால் தினமும் பார்க்க வேண்டும். ஒரு இலட்சத்தை நெருங்கினால் வாட்டில் இருப்பதே நல்லது. தட்டு எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், அது கசிவு தொடங்கப் போவதைச் சொல்லும் மணி. பப்பாசி இலைச் சாற்றைக் குடித்து எண்ணிக்கை கூடியது என்று நிம்மதியாக இருந்துவிட்டால் கசிவைக் கவனிக்கத் தவறிவிடுவோம்.

காய்ச்சலுக்குப் பெனடோல் (பரசிட்டமோல்) மட்டும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைக்கு எடை பார்த்துக் கொடுங்கள், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லிலீட்டர். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபெனக், மெபெனமிக் அசிட் வகைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலை ‘உடனே அடிக்கும்’ என்று யார் ஊசியோ குளிசையோ தந்தாலும் பெயரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 2,500 மில்லிலீட்டர் பானம் போதும்: ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்), கஞ்சி, பால், சூப், பழச்சாறு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் உப்பு குறையும். கசியும் நேரத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பதும் கேடு, நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும். ஆஸ்பத்திரியில் மணிக்கு மணி அளந்து கொடுப்பது அதற்காகத்தான். சிவப்பு, பழுப்பு நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று தெரியாது.

‘குளிர்நாட்டில் டெங்கு வராது’ என்பது பாதி உண்மை. குளிரில் நுளம்பு வளர்வதும், அதற்குள் வைரஸ் பெருகுவதும் மெதுவாகும். அதனால் நுவரெலியாப் பக்கம் கண்டியையோ மாத்தளையையோ போலப் பரவுவதில்லை. ஆனால் வைரஸ் பஸ் ஏறி வரும். 2017-இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவருக்குக் காய்ச்சல் கண்டால், வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை ‘கொழும்பிலிருந்து வந்தவர்’ என்பது.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கூரையையும் பாருங்கள். லயத்துத் தகரம் காற்றில் பறக்காமலிருக்க ஏற்றிவைத்த பழைய டயர்களிலும், ஒழுக்குக்குப் போட்ட பொலித்தீன் மடிப்புகளிலும் மழைநீர் நிற்கும். டயரை எடுத்துவிட்டு மண் மூட்டை வையுங்கள். முடியாவிட்டால் டயரில் இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை போடுங்கள். தண்ணீர் பீப்பாயை வாரம் ஒருமுறை கவிழ்ப்பது மட்டும் போதாது. நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சளிக் காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் அன்டிபயோட்டிக் தரவில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டுமா?
— வாசகர், ஹட்டன்

வேண்டாம். தராதவர் சரியாகச் செய்திருக்கிறார். அன்டிபயோட்டிக் பக்டீரியாவின் உறுப்புகளைத் தாக்கும் மருந்து. வைரஸுக்கு அந்த உறுப்புகளே கிடையாது. அது நம் உயிரணுவுக்குள் புகுந்து, நம் இயந்திரத்தைக் கொண்டே தன்னைப் பெருக்குகிறது. சளி மஞ்சளாக மாறினால் மட்டும் அன்டிபயோட்டிக் தேவை என்று ஆகாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினால், அப்போது மீண்டும் காட்டுங்கள்.

எங்கள் பசு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. வாயில் எச்சில் வடிந்தது, ஓயாமல் கத்தியது. தொண்டையில் கிழங்கு சிக்கியிருக்கும் என்று வீட்டுக்காரர் கையை விட்டுப் பார்த்தார். அடுத்த நாள் பசு செத்துவிட்டது. ஒன்றரை மாதத்துக்கு முன் மேய்ச்சலில் ஒரு நாய் அதைக் கடித்ததாக இப்போது பையன் சொல்கிறான். பாலை நாங்களும் குடித்தோம், பக்கத்து லயத்துக்கும் கொடுத்தோம்.
— வாசகி, அக்கரப்பத்தனை

உங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையில் காயமே இல்லை என்று சொன்னாலும் போக வேண்டும். கொழுந்து எடுக்கிற, கவ்வாத்து வெட்டுகிற, கிழங்கு தோண்டுகிற கையில் கீறல் இல்லாத நாள் ஏது? நகக்கண்ணில் ஒரு சிராய்ப்பு போதும்.

மாடு, ஆடுகளுக்கு நீர்வெறுப்பு நோய் (நம் பக்கத்தில் விசர்நாய் நோய்) வந்தால் தொண்டைத் தசைகள் செயலிழந்து விழுங்க முடியாமல் போகும். எச்சில் வடிவது அதனால்தான். பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ சிக்கிக்கொண்டது போலவே தெரியும். கையை விட்டுத் துழாவினால் வைரஸ் நிறைந்த எச்சில் முழங்கை வரை படும். தீனி எடுக்காமல், எச்சில் வடித்து, குரல் மாறிக் கத்தும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடவே கூடாது. கட்டிவைத்துவிட்டு அரச மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

இந்த வைரஸ் கடித்த இடத்துத் தசையில் தங்கி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் வழி குறுகியது, நாளும் குறைவு. மூளையை எட்டி, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால் அந்தப் பயண நாள்கள் முழுவதும் நம் கையில் இருக்கின்றன. தடுப்பூசி அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறது. 1885-இல் லூயி பாஸ்டர் நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ஊசி போட்டதும் இதே கணக்கில்தான்.

கடியோ கீறலோ பட்டவுடன் செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுவது. பீலித் தண்ணீர் இதற்கு நல்லது. 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். மணிக்கூட்டைப் பார்த்தே கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு பொவிடோன் அயடின் இருந்தால் பூசலாம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். இறுக்கிக் கட்டுப்போடவும் வேண்டாம். காயத்தை எரித்துப் புண்ணாக்கினால் வைரஸ் இன்னும் ஆழமாகத்தான் போகும்.

தடுப்பூசி அரச ஆஸ்பத்திரியில் இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தை விடுங்கள், அது பழைய காலத்து மருந்து. இப்போது கையில், குறித்த சில நாள்களில் போடுகிறார்கள். ஊசி போட்டு உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காயம் ஆழமாக இருந்தால் அந்த ஒரு வாரத்தைக் கடக்க, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்துவார்கள். அது பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். அனுப்பினால் அன்றே போய்விடுங்கள். ‘பேர் போகும்’ (அன்றைய சம்பளம் போகும்) என்று மூன்றாவது, நான்காவது ஊசியைத் தவறவிடுகிறார்கள். தவறினாலும் வெட்கப்பட்டு வீட்டில் இராமல் அட்டையோடு திரும்பிப் போங்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்த ஊசி போடலாம். கடித்து வாரங்கள் ஓடிவிட்டாலும், நோய்க்குறி இல்லாதவரை ஊசிக்கு நேரம் இருக்கிறது.

பால் விஷயம். காய்ச்சிய பாலையோ தேத்தண்ணியில் கலந்து கொதித்த பாலையோ குடித்தவர்களுக்கு ஊசி தேவையில்லை. சூட்டில் இந்த வைரஸ் நிற்காது. பச்சைப் பால் குடித்தவர்கள் இருந்தால், பக்கத்து லயத்தையும் கேட்டு, அவர்களையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கறந்தவர் கையில் எச்சில் பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். செத்த மாட்டைத் தோலுரிக்கவோ இறைச்சிக்கு வெட்டவோ கூடாது. மிருக வைத்தியருக்கு அறிவித்தால் மூளையைப் பரிசோதிக்க வழி செய்வார். முடிவு வரும்வரை ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். பிறகு நாய்கள் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

கடித்தது வீட்டு நாயாக இருந்தால் அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து 14 நாள் பார்க்க வேண்டும். எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாய் அதற்குள் நோய் காட்டிச் செத்துவிடும். உயிரோடு நன்றாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். கொன்று வீசிவிட்டால் இந்தத் தகவலும் போய்விடும். பூனை, கீரி, மரநாய், குரங்கு கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். குட்டிநாய் கீறியதைப் பிள்ளைகள் அடிக்குப் பயந்து மறைப்பார்கள். அடிக்க மாட்டோம் என்று அவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

எங்கள் லயத்தில் மூன்று பேருக்குச் செங்கமாரி. ஊற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம், கண்ணாடி போல இருக்கும். ஃபில்டரும் வைத்திருக்கிறோம். எப்படி வந்தது? கீழ்க்காய்நெல்லி போதுமா?
— இளைஞர் ஒருவர், மஸ்கெலியா

ஒரே லயத்தில் பலருக்கு வந்தால் அது அநேகமாக ஹெபடைடிஸ் ஏ. நோயாளியின் மலத்தில் வெளியேறும் வைரஸ் தண்ணீரிலோ உணவிலோ கலந்து மற்றவர் வாய்க்குப் போகிறது. உள்ளே போய் 15 முதல் 50 நாள், சராசரியாக 28 நாளில் நோய் தெரியும். ஆகவே இன்று கண் மஞ்சளாகியவர் போன மாதம் குடித்த தண்ணீரை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாள்களில் பெரிய மழை பெய்ததா, குழாய் உடைந்ததா, யார் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள்?

இன்னொரு சிக்கல்: கண் மஞ்சளாவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வைரஸ் வெளியேறுகிறது. மஞ்சள் கண்டபின் ஒரு வாரம்தான் ஓரளவு தொற்றும். நோயாளியின் கோப்பையை ஒதுக்கிவைக்கும் நேரத்தில் பரவல் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சளே தெரியாமல் வந்து போகும், ஆனால் அவர்களிடமிருந்தும் பரவும். எனவே ஆளை ஒதுக்குவதால் பயனில்லை. தண்ணீரையும் கையையும் பாருங்கள்.

கண்ணாடி போன்ற தண்ணீர் என்பதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. இந்த வைரஸ் சுமார் 27 நனோமீட்டர். மெழுகுதிரி வடிவப் பீங்கான் ஃபில்டரின் துளை அதைப்போலப் பத்து மடங்காவது பெரியது. சேறு நிற்கும், வைரஸ் கடந்து போகும். குளிர்ந்த தண்ணீரில் அது மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கவும் வல்லது. நம் ஊற்றுகள் குளிர்ந்தவை.

கொதிக்கவைப்பதே வீட்டுக்குரிய வழி. உயரம் கூடக் கூட நீர் கொதிக்கும் சூடு குறையும்: ஹட்டனில் சுமார் 96 பாகை, 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரில் சுமார் 94. அதுவும் இந்த வைரஸைக் கொல்லப் போதும்; 85 பாகையில் ஒரு நிமிடம் இருந்தாலே அழிந்துவிடும். ஓரத்தில் சிறு குமிழி வருவதைக் கொதி என்று எண்ணி இறக்கிவிடுவதில்தான் தவறு நடக்கிறது. நடுவிலிருந்து பெரிய குமிழிகள் புரண்டெழ வேண்டும். அதன்பின் ஒரு நிமிடம். உயரமான தோட்டங்களில் மூன்று நிமிடம் வையுங்கள். ஆறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் அதே பானையில் மூடிவைத்து, பிடி உள்ள அகப்பையால் எடுங்கள். கோப்பையைக் கையோடு முக்கினால் பட்ட பாடெல்லாம் வீண். மலைக்குக் கொண்டுபோகும் போத்தலிலும் இந்தத் தண்ணீரே இருக்க வேண்டும். வேலை நடுவில் ஓடையில் குடிப்பது பலருக்கு நினைவிலேயே இராது.

இனி ஊற்றுக்குப் போய் மேலே பாருங்கள். மலசலக் குழி ஊற்றுக்கு மேற்புறம் இருக்கிறதா? குழி ஊற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, சரிவில் கீழ்ப்புறமாக இருக்க வேண்டும். ஊற்றைக் கொங்கிரீட் தொட்டியாக மூடி, அதற்கு மேலே 8 மீட்டர் அளவில் குறுக்குக் கான் வெட்டினால் மழைநீர் உள்ளே வராது. பிறகு குழாய் வழியே நடந்து பாருங்கள். மூட்டில் ரப்பர் பட்டை சுற்றிய குழாய் லயத்துக் கானுக்குள்ளால் போகும் இடங்கள் எப்படியும் இருக்கும். தண்ணீர் ஓடும்போது அந்த மூட்டு வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் குழாய் உள்ளே உறிஞ்சும். கானில் ஓடுவது அப்போது குழாய்க்குள் போகும். நேரம் வைத்துத் தண்ணீர் திறக்கிற தோட்டங்களில் தினமும் இது நடக்கும். முதலில் பழுதுபார்க்க வேண்டியது அந்த மூட்டைத்தான்.

தொட்டிக்குக் குளோரின் போடுவதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். 30 சதவீத வலுவுள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லீட்டருக்கு 7 கிராம் அளவில் தொடங்கலாம். கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, அரை மணித்தியாலம் விடவேண்டும். அதன்பின்னும் லீட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று அவர் அளந்து பார்ப்பார். கலங்கல் தண்ணீரில் சேறே குளோரினைத் தின்றுவிடும். திறந்து பல மாதமான பவுடரில் வலு இராது.

மருந்து விஷயம். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே மாறிவிடும். அதனால்தான் கீழ்க்காய்நெல்லிக்கு நல்ல பெயர். குடித்தால் பெருங்கேடு என்று சொல்ல மாட்டோம். ஆனால் பெயர் தெரியாத கலப்பு மருந்துகளை ஈரலே சிரமப்படும் நேரத்தில் கொடுக்க வேண்டாம். சாராயம் வேண்டவே வேண்டாம். பெனடோலும் வைத்தியர் சொன்ன அளவில்தான். உப்பில்லாப் பத்தியத்துக்கு அவசியமில்லை, பிடித்ததைச் சிறுகச் சிறுகச் சாப்பிடலாம். உளறல், பகலில் தூங்கி விழுதல், நிற்காத வாந்தி, மூக்கில் இரத்தம் கண்டால் ஈரல் தளர்கிறது என்று பொருள், உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்கக் கூடாது.

மருமகளுக்கு அம்மாள் வந்திருக்கிறது. ஆறு மாதக் கர்ப்பம். வேப்பிலை கட்டி வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாள் கோபிக்கும் என்கிறார் என் மாமியார்.
— வாசகி, பசறை

வேப்பிலை இருக்கட்டும், விளக்கும் எரியட்டும். மருமகளை மட்டும் இன்றே காட்டுங்கள். முன்னோர் பயந்த பெரியம்மை 1980-இல் உலகை விட்டே ஒழிக்கப்பட்டது. இப்போது வருவது கொப்புளிப்பான். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இலேசாகப் போய்விடும். பெரியவர்களுக்கு, அதிலும் கர்ப்பிணிகளுக்கு, நுரையீரலில் இறங்கக்கூடும். இருமலோ மூச்சு வாங்கலோ தொடங்கினால் அது அவசர நிலை.

இதற்கு வைரஸைத் தடுக்கும் மருந்து இருக்கிறது: அசைக்ளோவிர். முதல் கொப்புளம் கண்ட 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் வைத்திருப்பதால் இழப்பது இந்த நேரத்தைத்தான். கொப்புளம் தோன்ற இரண்டு நாள் முன்பிருந்து, எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். ஒட்டியவருக்கு 10 முதல் 21 நாளில் வரும். ஆகவே அதே லயத்தில் கொப்புளிப்பான் வராத இன்னொரு கர்ப்பிணி இருந்தால், அவருக்கு எதுவும் தெரியும் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். கிட்டப் போன முதல் பத்து நாளுக்குள் செய்யக்கூடிய தடுப்பு உண்டு. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் தாய்க்குக் கண்டால் பச்சைப் பிள்ளைக்கு மிகவும் ஆபத்து.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் தினமும் குளிக்கலாம். நகத்தை வெட்டிவிடுங்கள், சொறிந்த இடத்தில்தான் சீழ் பிடிக்கும். மீன், முட்டை, எண்ணெய் விலக்கிப் பட்டினி போட வேண்டாம். அஸ்பிரின், இபுபுரூபன் கூடாது.

பிள்ளை மடுவத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வாயில் புண், உள்ளங்கையிலும் காலிலும் கொப்புளம். சனிடைசர் வைத்தும் நிற்கவில்லை.
— பராமரிப்பாளர், லிந்துலை

நீங்கள் எழுதியிருப்பது கை, கால், வாய் நோய். சனிடைசர் இங்கே தோற்பதற்குக் காரணம் உண்டு. கொரோனா, சளிக்காய்ச்சல் வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை இருக்கிறது, மதுசாரம் பட்டால் கரையும். இந்த நோயின் வைரஸுக்கும், வயிற்றோட்டத்தைத் தரும் ரொட்டாவுக்கும், செங்கமாரி வைரஸுக்கும் அந்த உறை இல்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் கழுவி அகற்றுவதுதான் வழி. உடை மாற்றிய பின்னும் சாப்பாடு ஊட்டும் முன்னும் 20 வினாடி கழுவுங்கள். குளிருக்காக விரல்நுனியை மட்டும் நனைப்பது கழுவலாகாது; ஒரு வாளி வெந்நீர் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுச் சாமான், பாய், கதவுப்பிடி எல்லாவற்றையும் முதலில் சோப்பால் கழுவி, பிறகு பிளீச் கலவையால் துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். 5 சதவீத வீட்டுப் பிளீச் என்றால் ஒரு லீட்டருக்கு 20 மில்லிலீட்டர். மலமோ வாந்தியோ பட்ட தரைக்கு லீட்டருக்கு 100. கலவையைத் தினமும் புதிதாகச் செய்யுங்கள். கக்கூசு கழுவும் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு எழும்.

பிள்ளை ஏழு முதல் பத்து நாளில் தேறிவிடும். வாய் எரிவால் தண்ணீர் குடிக்காமல் விடுவதே பெரிய கவலை. ஆறிய கஞ்சியும் பாலும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சில வாரம் கழித்து நகம் உரிந்தால் பயப்பட வேண்டாம், புது நகம் வரும். வயிற்றோட்டமும் சேர்ந்தால் ஒரு பைக்கற் ஜீவனியை முழு ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். அரைப் பைக்கற்றை ஒரு கோப்பையில் கரைத்தால் உப்பு மிகுந்து பிள்ளைக்கே கெடுதல். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

உருளைக்கிழங்கு இலை சுருண்டு மஞ்சளாகிறது, வைரஸ் என்கிறார்கள். அந்தக் கிழங்கைத் தின்றால் நமக்கு வருமா?
— விவசாயி, வெலிமடை

வராது. பயிரின் வைரஸ் மனிதனுக்குத் தொற்றுவதில்லை. தாராளமாகச் சாப்பிடலாம், விற்கலாம். விதைக்கு மட்டும் எடுத்துவைக்காதீர்கள். இலைச்சுருட்டு வைரஸ் கிழங்குக்குள்ளேயே தங்கி, அடுத்த போகத்தில் முளையிலிருந்தே செடியைக் குட்டையாக்கும். பரப்புவது இலையின் அடியில் ஒட்டியிருக்கும் அசுவுணி. முதலில் சுருண்ட செடிகளைக் கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். விதைக்கிழங்குப் பண்ணைகளை உயரமான குளிர் நிலத்தில் வைப்பது அங்கே அசுவுணி குறைவு என்பதால்தான்.

மகனுக்கு மூன்று வயதில் போட வேண்டிய ஊசி தவறிவிட்டது. இப்போது ஐந்து வயது. இலங்கையில் சின்னமுத்து (தட்டம்மை) ஒழிந்துவிட்டதே, இனி எதற்கு?
— ஒரு தந்தை, ஹப்புத்தளை

2019-இல் சின்னமுத்து ஒழிந்த நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டது உண்மை. 2023-இல் அது திரும்பி வந்ததும் உண்மை. வைரஸ்களிலேயே மிக வேகமாகப் பரவுவனவற்றில் இது ஒன்று. நோயாளி வெளியேறிய அறையின் காற்றில்கூட இரண்டு மணித்தியாலம் வரை இருக்கும். தடுப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். இஸ்தோப்பைப் பகிர்ந்துகொண்டு அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்கிற நமக்கு அதைத் தள்ளிவைக்க இடமே இல்லை.

சின்னமுத்தைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று. முதலாவது மட்டும் போட்ட பிள்ளைகளில் சிலருக்கு எதிர்ப்புச் சக்தி பிடிக்காமல் போகும், இரண்டாவது அவர்களுக்காகத்தான். தவறியதற்காகத் தொடக்கத்திலிருந்து போட வேண்டியதில்லை, விடுபட்டதைப் போட்டால் போதும். இலேசான தடிமன் இருந்தாலும் போடலாம். கிளினிக் புத்தகத்தைக் கொண்டு குடும்பநல மாதுவிடம் போங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் கிளினிக்கில் உள்ள பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார். தங்கைக்கும் ஊசி நிலுவையில் இருந்தால் அதே நாளில் அவளையும் அழைத்துப் போங்கள்.